சினிமாக் கல்லூரி வாசலும் நம் பிள்ளைகளும்

(ஸ்ரீரங்கத்தில் ஒரு வாசகசாலையின் ஆண்டு விழாவில், திருச்சியிலிருந்தும் சுற்றுக் கிராமங்களிலிருந்தும் வந்திருந்த தோழர்களிடையே நாம் பேசியதின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கலாம். "சுயமரியாதைக்காரர்கள் கோயிலைப் பற்றிப் பேசுவார்கள், சாதியைப் பற்றிப் பேசுவார்கள், சினிமாக் கல்லூரியில் பிள்ளைகளைச் சேர்ப்பது பற்றிப் பேச இவர்களுக்கு என்ன வந்தது?" என்று கேட்கலாம். கேட்பது நியாயந்தான். அதுமட்டுமல்ல, பெரியார் அவர்களே சினிமாவைப் பலமாகக் கண்டித்துப் பேசியவர் என்பதையும் நாம் மறைக்கப் போவதில்லை. ஜனங்களின் பணத்தையும், பொழுதையும், புத்தியையும் அது கெடுக்கிறது என்பது அவர் அபிப்பிராயம். அந்த அபிப்பிராயத்துக்குக் காரணம் இருந்தது. அன்று திரையில் ஓடியதெல்லாம் பெரும்பாலும் புராணக் குப்பை.

ஆனால் தோழர்களே, ஒரு கருவி கெட்டவன் கையில் இருக்கிறது என்றால், கருவியைத் திட்டிக்கொண்டே இருப்பதா, அல்லது அதை நம் கைக்குக் கொண்டுவருவதா? அச்சு இயந்திரம் பஞ்சாங்கத்தையும் அச்சடித்தது. அதற்காக நாம் பத்திரிகை நடத்தாமல் இருந்துவிட்டோமா? அதே இயந்திரத்தில்தானே பஞ்சாங்கத்தைக் கண்டித்தும் அச்சடித்தோம்! சினிமாவும் அப்படித்தான். எனவே, சினிமாவை எடுப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடங்களின் வாசலில் யார் நிற்கிறார்கள், யார் உள்ளே போகிறார்கள், யார் திருப்பி அனுப்பப்படுகிறார்கள் என்பது நம் இயக்கத்தைச் சேர்ந்த விஷயந்தான்.

இந்த விஷயத்தைப் பேசும்படி நம்மைத் தூண்டியவர் ஒரு இளைஞர். அவர் பெயர் வேண்டாம். உறையூரில் செயற்கை வைரக் கல்லுக்குப் பட்டை தீட்டுகிற தொழிலாளி ஒருவரின் மகன். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு, சினிமாவில் ஒளிப்பதிவு கற்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். போன வருஷம் ஒரு சினிமாக் கல்லூரியின் நுழைவுத் தேர்வுக்கு மனு போட வேண்டிய கடைசி நாள் ஒரு வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமையே போட்டிருக்கலாம். ஆனால் அன்று அவருக்குச் சந்திராஷ்டமமாம், வீட்டில் தடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பது குளிகை. அது போனதும் மனு நகலை எடுத்துக்கொண்டு அர்ச்சனைக்குப் போனார்கள். திரும்பி வருவதற்குள் பத்தரை ஆகிவிட்டது, ராகுகாலம். பன்னிரண்டு மணிக்குக் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனால் அங்கே மின்சாரம் இல்லை. மூன்று மணிக்கு மின்சாரம் வந்தது, ஆனால் எமகண்டமும் வந்துவிட்டது. நாலரைக்கு உட்கார்ந்தார்கள். பணம் கட்டுகிற இடத்தில் சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றது. ஐந்து மணிக்கு வாசல் அடைத்தாகிவிட்டது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். அந்தப் பையன் அன்று சிரிக்கவில்லை. ஒரு வருஷம் போயிற்று. குளிகையும் ராகுவும் எமகண்டமும் சேர்ந்து அந்தப் பையனுக்கு என்ன நன்மை செய்தன? மின்சார ஆபீசுக்குத் தெரியாத ராகுகாலம், கல்லூரி ஆபீசுக்குத் தெரியாத ராகுகாலம், பட்டை தீட்டுகிறவன் பிள்ளைக்கு மட்டும் ஏன் தெரிய வேண்டும்? அந்த இளைஞர் இந்த வருஷம் மறுபடியும் மனு போடப் போகிறார். இந்தக் கூட்டத்திலேயே ஒரு மூலையில் இருக்கிறார். அவருக்காகவும், அவரைப்போல இருக்கிற உங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காகவும்தான் இந்தப் பேச்சு.

முதலில் ஒன்று சொல்லுகிறோம். சினிமா என்பது திருச்சிக்காரனுக்கு அந்நியமான தொழிலல்ல. 1905இல் இதே திருச்சியில் ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், படம் காட்டிக்கொண்டு வந்த ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து இயந்திரத்தையும் படங்களையும் விலைக்கு வாங்கி, கூடாரம் அடித்து ஊர் ஊராகப் படம் காட்டினார். பிற்பாடு கோயம்புத்தூரில் தியேட்டர் வைத்தார். அவருக்கு யார் நுழைவுத் தேர்வு நடத்தினார்கள்? எந்தச் சாஸ்திரத்தில் அவர் தொழில் எழுதியிருந்தது?

எம்.கே.தியாகராஜ பாகவதர் திருச்சியில் வளர்ந்தவர். பொற்கொல்லர் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய "ஹரிதாஸ்" 1944இல் வெளிவந்து மூன்று தீபாவளி கண்டது என்று பெயர் பெற்றது. சிவாஜி கணேசன் இந்தத் திருச்சியில் சிறுவனாக இருந்தபோது, தாய் தகப்பன் இருக்கும்போதே, "நான் அநாதை" என்று சொல்லி நாடகக் கம்பெனியில் சேர்ந்தவர். அவருக்கு 1946இல் "சிவாஜி" என்று பெயர் வைத்தவர் பெரியார். எம்.ஆர்.ராதா பாய்ஸ் கம்பெனியில் அடிபட்டு உதைபட்டுத் தொழில் கற்றவர். கடைசி வரை பகுத்தறிவுக்காரராக இருந்து, 1979இல் இந்தத் திருச்சியிலேயே மறைந்தார்.

சிவாஜி கணேசனும் எம்.ஆர்.ராதாவும் எந்த வாசல் வழியாக உள்ளே போனார்கள்? பாய்ஸ் கம்பெனி என்ற வாசல் வழியாக. அதில் சேரச் சான்றிதழ் வேண்டாம், பணம் வேண்டாம், சாதி பெரிதாகக் கேட்கப்படவில்லை. அடியும் பட்டினியும் மாத்திரம் தாங்க வேண்டும். குழந்தைகளை அப்படி வதைத்த அந்த ஏற்பாட்டைப் போற்ற நாம் வரவில்லை. அது ஒழிந்தது நல்லதே. ஆனால் ஏழைப் பிள்ளைக்கு இருந்த ஒரே வாசல் அடைபட்டபோது, அதற்குப் பதில் என்ன வாசல் திறந்தது என்பதுதான் கேள்வி.

திறந்த வாசல்கள் இவை. 1945இல் சென்னையில் சென்ட்ரல் பாலிடெக்னிக்கின் ஒரு பகுதியாகச் சினிமாத் தொழில் படிப்பு தொடங்கியது. அதுதான் வளர்ந்து, இன்று தரமணியில் எம்.ஜி.ஆர். அரசு திரைப்பட மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமாக இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள் அதில் நான்கு வருஷப் பட்டப்படிப்புப் படிக்கலாம். 1960இல் இந்திய சர்க்கார், புனாவில் பழைய பிரபாத் ஸ்டுடியோ இருந்த இடத்தில் ஒரு பள்ளியைத் தொடங்கியது. 1995இல் கல்கத்தாவில் சத்யஜித் ராய் பெயரால் இன்னொன்று வந்தது. இந்த இரண்டிலும் மூன்று வருஷ சினிமாப் படிப்புக்கு ஏதாவதொரு பட்டம் பெற்றிருக்க வேண்டும். பெரும்பாலான பிரிவுகளுக்கு எந்தப் பட்டமானாலும் சரி. தமிழ் இலக்கியம் படித்தவரும் போகலாம், கணக்குப் படித்தவரும் போகலாம். ஒலிப்பதிவுக்குப் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் படித்திருக்க வேண்டும்.

இந்த வாசல்கள் அகலமானவையா? இல்லை. புனாவில் டைரக்ஷன், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்ற ஒவ்வொரு பிரிவுக்கும் சுமார் பத்து இடங்கள்தான். இந்தியா முழுவதிலுமிருந்து போட்டி. முதலில் எழுத்துத் தேர்வு. அதில் ஒரு பகுதி சரியான விடையைக் குறிப்பது, இன்னொரு பகுதி சொந்தமாக யோசித்து எழுதுவது. அதில் தேறியவர்களை நேரில் கூப்பிட்டுச் சோதித்துப் பேசிப் பார்ப்பார்கள். புனாவும் கல்கத்தாவும் 2018 முதல் சில வருஷங்கள் சேர்ந்து ஒரே தேர்வு வைத்தன, பிறகு தனித்தனியாகவும் வைத்தன. ஆகவே ஒவ்வொரு வருஷமும் அறிக்கையை எழுத்துவிடாமல் வாசிக்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை நம்பக் கூடாது. நாம் சொல்லுவதையும் நம்ப வேண்டாம். அறிக்கையை வாசியுங்கள்.

நிற்க. இதைச் சொன்னவுடனே நம்மவர் வாயில் வருகிற முதல் வார்த்தை என்ன? "அதற்கெல்லாம் பிறவியிலேயே ஒரு திறமை வேண்டும் ஐயா, நம்ம பிள்ளைக்கு எங்கே வரப்போகிறது?" என்பதுதான். இந்த வார்த்தையை நமக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யார் என்று யோசித்துப் பாருங்கள். ஆயிரம் வருஷமாக, "உனக்குப் படிப்பு வராது, உன் தலையில் அப்படி எழுதியிருக்கிறது" என்று சொல்லி வைத்தார்கள். கோயிலில் சொன்ன அதே பேச்சைத்தான் இன்று கலை என்ற பெயரால் சொல்லுகிறார்கள். அன்று "முற்பிறப்புப் புண்ணியம்" என்றார்கள். இன்று "இயற்கையான ரசனை" என்கிறார்கள். நமக்குத் தனிப்பட்ட யாரிடத்திலும் துவேஷமில்லை. சிலருக்கே சொந்தம் என்ற ஏற்பாட்டின் மேல்தான் துவேஷம்.

இதோ, நாம் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற ராஜகோபுரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 236 அடி உயரம். பல தலைமுறையாக மொட்டைக் கோபுரமாக நின்றது. 1987இல்தான் முடிந்தது. அதை முடிக்க ரங்கநாதர் எழுந்து வந்தாரா? கணக்குப் போடத் தெரிந்தவன் கணக்குப் போட்டான், சாரம் கட்டத் தெரிந்தவன் சாரம் கட்டினான், கொத்தனார் சுண்ணாம்பு பூசினார், சித்தாள் சட்டி சுமந்தாள். திறமை என்பது கற்றுக்கொண்டு, கை பழகி, வருவது. கல்லுக்குப் பட்டை தீட்டுகிறவரைக் கேளுங்கள். தீட்டாத கல்லையும் தீட்டின கல்லையும் பக்கத்தில் வைத்து, "இது பிறவியிலேயே மின்னுகிறது, அது பிறவியிலேயே மங்கல்" என்று யாராவது சொன்னால் அவர் சிரிப்பார். யாருக்குச் சாணை கிடைத்தது, யாருக்குக் கிடைக்கவில்லை என்பதுதானே வித்தியாசம்!

"தகுதி, திறமை" என்ற பேச்சு கல்லூரி வாசலில் எப்படி வேலை செய்தது என்பதற்கு நம் நாட்டுச் சரித்திரமே சாட்சி. நீதிக்கட்சிக் காலத்தில் வந்த வகுப்புரிமை உத்தரவின்படி சென்னை மாகாணக் கல்லூரிகளில் எல்லா வகுப்பாருக்கும் இடம் பங்கிடப்பட்டது. சுதந்திரம் வந்தபின், அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 1950இல் சென்னை ஹைக்கோர்ட்டும், 1951 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லின. வழக்குப் போட்ட சண்பகம் துரைராஜன் அம்மையார் அந்த மருத்துவக் கல்லூரிக்கு மனுவே போடவில்லை என்பது வழக்கிலேயே தெரிந்த சங்கதி! தமிழ்நாட்டில் கிளர்ச்சி எழுந்தது. அதே 1951இல் அரசியல் சட்டத்தை முதல் தடவையாகத் திருத்தினார்கள். அந்தத் திருத்தத்தினால்தான் இன்று புனாவிலும் கல்கத்தாவிலும் கூட நம் பிள்ளைகளுக்குச் சட்டப்படி பங்கு இருக்கிறது. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் 69 சதவீதம் இருக்கிறது. இது யாரும் போட்ட பிச்சையல்ல. தெருவில் நின்று வாங்கிய உரிமை.

ஆனால் சட்டத்தில் எழுதியிருப்பதும் வாசலில் நடப்பதும் ஒன்றா? இரண்டு சங்கதி சொல்லுகிறோம்.

ஒன்று. பாட்னாக்காரரான ஒரு இளைஞர் 2015இல் புனாப் பள்ளியில் படத்தொகுப்புக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறகு, அவருக்குச் சில நிறங்கள் சரியாகப் பிரித்துத் தெரியாது என்ற காரணத்தைச் சொல்லிச் சேர்க்க மறுத்தார்கள். பம்பாய் ஹைக்கோர்ட்டிலும் அவருக்குச் சாதகமாக வரவில்லை. அவர் விடவில்லை. சுப்ரீம் கோர்ட்டு நிபுணர்களைக் கொண்டு ஆராயச் சொல்லி, 2022 ஏப்ரலில், நிறக்குருடு என்ற காரணத்தால் எந்தப் பிரிவிலும் யாரையும் தள்ளக் கூடாது என்று உத்தரவிட்டது. சினிமா என்பது பலர் கூடிச் செய்கிற வேலை, ஒருவருக்குள்ள குறையை மற்றவர் துணையால் சரிக்கட்டலாம் என்ற உண்மை அப்போதுதான் பலருக்குப் புரிந்தது. பாருங்கள், விதி என்று எழுதி வைத்திருந்தார்கள் என்பதற்காக எத்தனை பேர் வாயை மூடிக்கொண்டு திரும்பிப் போயிருப்பார்கள்! ஒருவர் "ஏன்?" என்று கேட்டார். ஏழு வருஷம் ஆனாலும், விதி மாறிற்று.

இன்னொன்று. கேரளத்தில் கோட்டயம் ஜில்லாவில் கே.ஆர்.நாராயணன் பெயரால் ஒரு சினிமாப் பள்ளி இருக்கிறது. தாழ்த்தப்பட்ட வகுப்பிலிருந்து வந்து இந்தியாவின் ஜனாதிபதியான முதல் மனிதர் அவர். அவர் பெயரால் உள்ள பள்ளியிலேயே, சேர்க்கையில் இடஒதுக்கீடு சரியாக நடக்கவில்லை என்றும், துப்புரவு வேலை செய்யும் பெண்களைச் சாதி பார்த்து நடத்துகிறார்கள் என்றும் மாணவர்கள் குற்றம் சாட்டி, 2022 டிசம்பரில் போராட்டம் தொடங்கினார்கள். நிர்வாகத்தார் மறுத்தார்கள். அரசு விசாரணைக் குழு போட்டது. 2023 ஜனவரியில் டைரக்டர் ராஜினாமா செய்தார். தலைவராக இருந்த பேர்பெற்ற படக்காரர் அடூர் கோபாலகிருஷ்ணனும் விலகினார். பெயரை வாசலில் பெரிதாக எழுதி வைத்தால் மாத்திரம் போதாது, உள்ளே உட்கார்ந்திருக்கிறவர்கள் யார் என்றும் பார்க்க வேண்டும் என்பதே இதில் நமக்குப் பாடம்.

இந்த இடத்தில் ஒரு தோழர் கேட்கக்கூடும்: "சாதி ஒழிய வேண்டும் என்கிறீர்கள். பிறகு நீங்களே சாதிச் சான்றிதழ் வாங்கச் சொல்லுகிறீர்களே?" என்று. ஆம், சொல்லுகிறோம். சாதியைச் சொல்லித்தானே நம்மை வெளியே வைத்தார்கள்? அதே கணக்கைக் காட்டித்தானே உள்ளே இடம் கேட்க வேண்டும்? வியாதி இருக்கிற வரையில் மருந்துச் சீட்டு வேண்டும். ஒரு எச்சரிக்கையும் சொல்லுகிறோம். மத்திய சர்க்கார் பள்ளிகளுக்குப் பிற்பட்ட வகுப்பார் கொடுக்க வேண்டிய சான்றிதழ் வேறு மாதிரி. நம் தமிழ்நாட்டுச் சான்றிதழ் அதற்குச் செல்லாது. வருமான வரம்பையும் காட்டி அவர்கள் சொல்லுகிற படிவத்தில் வாங்க வேண்டும். கடைசி வாரத்தில் தாலுகா ஆபீசுக்கு ஓடினால் கிடைக்காது. மனுப் போடுவதற்கு மூன்று மாதம் முந்தியே வாங்கி வையுங்கள்.

அடுத்தது இங்கிலீஷ் பயம். "வடக்கே போய் இங்கிலீஷில் பேச வேண்டுமே" என்று நடுங்குகிற பிள்ளைகள் நம்மிடத்தில் நிறைய. அவர்களுக்கு ஒரு கதை அல்ல, நடந்த சங்கதி சொல்லுகிறோம். அமெரிக்காவில் தெற்குக் கலிபோர்னியா சர்வகலாசாலை என்று ஒன்று இருக்கிறது. அங்கே 1929லேயே சினிமாப் படிப்பு தொடங்கினார்கள். இன்றும் அதில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்புதான். அதில் படித்த எல்லிஸ் ஆர். டங்கன் என்ற வெள்ளைக்காரர், கூடப் படித்த மாணிக்லால் டாண்டன் என்ற இந்திய நண்பரின் அழைப்பின் பேரில் 1935இல் இந்தியாவுக்கு வந்தார். தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. அவர்தான் 1936இல் "சதி லீலாவதி"யையும், பிறகு "அம்பிகாபதி", "சகுந்தலை", "மீரா" முதலிய படங்களையும் எடுத்தவர். எம்.ஜி.ஆர். முதன்முதல் திரையில் தலைகாட்டியது அந்தச் "சதி லீலாவதி"யில். இன்று எம்.ஜி.ஆர். பெயராலேயே ஒரு சினிமாக் கல்லூரி இருக்கிறது!

இதிலிருந்து என்ன தெரிகிறது? தமிழே தெரியாத ஒரு அமெரிக்கர் தமிழ்ப் படம் எடுத்தபோது யாரும் அவர் தகுதியைச் சந்தேகிக்கவில்லை. தொழில் தெரியும் என்று ஒப்புக்கொண்டார்கள். அப்படியிருக்க, இங்கிலீஷில் கொஞ்சம் தடுமாறுகிற தமிழ்ப் பிள்ளை, கேமராவைத் தொடத் தகுதியற்றவன் என்று எவனாவது சொன்னால் அது எந்த ஊர் நியாயம்? இங்கிலீஷ் படியுங்கள். வேண்டிய அளவுக்கு ஒரு வருஷத்தில் வரும். ஆனால் அது தெரியாததற்காகக் கூச்சப்படாதீர்கள்.

சரி, என்ன தயார் செய்ய வேண்டும்? பயிற்சி கொடுக்கிறோம் என்று ஆயிரக்கணக்கில் பணம் பிடுங்குகிற கடைகள் முளைத்திருக்கின்றன. அதற்கு முன், காசில்லாமல் செய்யக்கூடிய காரியம் பல இருக்கின்றன.

முதலாவது, படம் பார்ப்பது. பொழுதுபோக்காகப் பார்ப்பதல்ல. ஒரு படத்தை இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். கேமரா எங்கே நிற்கிறது, வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, ஒரு காட்சியை எங்கே வெட்டினார்கள், ஏன் அங்கே வெட்டினார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். மூன்றாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மாத்திரம் கேளுங்கள். ஒரு விநாடிக்கு 24 சலனமற்ற படங்கள் ஓடுவதால்தான் அசைவது போலத் தெரிகிறது. இதில் மாயமுமில்லை, மந்திரமுமில்லை. கண்ணும் மூளையும் வேலை செய்கிற விதம் அது.

இரண்டாவது, ஊரைப் பார்ப்பது. தேர்வு வைக்கிறவர்கள் உங்களிடம் எதிர்பார்ப்பது நீங்கள் கண்ணால் கண்டதை உங்கள் வார்த்தையில் சொல்லுவதைத்தான். நமக்கு விஷயப் பஞ்சமா? காந்தி மார்க்கெட்டில் விடியற்காலை மூட்டை இறக்குகிற தொழிலாளியின் முதுகைப் பார்த்திருக்கிறீர்களா? ஸ்ரீரங்கத்தில் பூக்கட்டுகிற அம்மாளின் விரல் எவ்வளவு வேகமாக ஓடுகிறது, அவர் கட்டின மாலை எங்கே போகிறது, அவர் கையில் மிஞ்சுவது என்ன என்று கணக்குப் பார்த்திருக்கிறீர்களா? அம்மா மண்டபத்துப் படித்துறையில் செத்தவர்களின் பேரால் நடக்கிற வியாபாரத்தைப் பார்த்திருக்கிறீர்களா? கொள்ளிடத்தில் மணல் போன கதை தெரியுமா? பட்டணத்துப் பெரிய வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்காத பாடம் இதெல்லாம். கையிலிருக்கிற செல்போனில் மூன்று நிமிஷப் படம் எடுங்கள். பத்துப் பேருக்குக் காட்டுங்கள். அவர்களுக்குப் புரியாத இடம் எதுவோ அதைத் திருத்துங்கள்.

மூன்றாவது, வாசிப்பது. இந்த வாசகசாலை எதற்காக இருக்கிறது? கதை, சரித்திரம், செய்தி எல்லாம் வாசியுங்கள். நேரில் கூப்பிட்டுக் கேட்கும்போது தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். தெரிந்ததைத் தலை நிமிர்ந்து சொல்லுங்கள். கைகட்டி வாய்பொத்தி நிற்காதீர்கள். எதிரில் இருப்பவர்கள் கேள்வி கேட்கிற மனிதர்கள், வரம் கொடுக்கிற சாமிகளல்ல.

சாமி என்றவுடன் ஒன்று ஞாபகம் வருகிறது. ஹால் டிக்கெட்டை எடுத்துக்கொண்டு மலைக்கோட்டைப் படியேறுகிறார்களே, அந்த உச்சிப் பிள்ளையார் எந்தத் தேர்வு எழுதினார்? பத்து இடத்துக்கு ஆயிரம் பேர் அர்ச்சனை செய்தால் அவர் யாருக்குக் கொடுப்பார்? அர்ச்சனைத் தட்டின் கனத்தைப் பார்த்தா? சினிமாத் தொழிலில் உள்ளே போனாலும் இந்தப் பைத்தியம் விடுவதில்லை. கேமராவுக்குச் சந்தனப் பொட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம், பூசணிக்காய் உடைப்பு! கண்ணாடியும் வெளிச்சமும் மின்சாரமும் சேர்ந்து செய்கிற வேலைக்குப் பூசணிக்காய் என்ன உதவி செய்யும்? நம் பிள்ளைகள் அங்கே போனால், லென்சைத் துடைக்கட்டும், பொட்டு வைக்க வேண்டாம்.

தாய்மார்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. "பெண் பிள்ளைக்குச் சினிமாவா?" என்று நீங்கள் கேட்பீர்கள். 1931இல் வந்த "காளிதாஸ்" படத்தில் நடித்த டி.பி.ராஜலட்சுமி, பால்ய விவாகக் கொடுமைக்கு ஆளானவர். அவர் 1936இல் "மிஸ் கமலா" என்ற படத்தைத் தாமே எழுதி டைரக்ட் செய்தார். 1985இல் பி.ஆர்.விஜயலட்சுமி "சின்ன வீடு" படத்துக்குக் கேமரா பிடித்தார். புனாப் பள்ளியில் படித்த பாயல் கபாடியா என்ற பெண்மணி, 2015இல் அங்கே மாணவர்கள் 139 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அதில் நின்றவர். 2024இல் பிரான்சு நாட்டுக் கான் பட விழாவில் அவர் படத்துக்கு இரண்டாவது பெரிய பரிசு கிடைத்தது. அந்தப் பெண் அடங்கி ஒடுங்கி வீட்டிலிருந்திருந்தால் யாருக்கு லாபம்? கலியாணச் செலவுக்குச் சேர்க்கிற நகையில் பாதியை விற்றால் ஒரு பெண்ணின் படிப்பு முடிந்துவிடும். எது பெருமை என்று நீங்களே தீர்மானியுங்கள்.

கடைசியாக, கிடைக்காமற் போனால் என்ன செய்வது? பெரும்பாலோருக்குக் கிடைக்காது. பத்து இடத்தில் பதினோராவது ஆள் மூடனல்ல. இலங்கையிலிருந்து புனாவுக்குப் போன பாலுமகேந்திரா டைரக்ஷன் படிக்க ஆசைப்பட்டவர். அது கிடைக்காமல் ஒளிப்பதிவில் சேர்ந்து, 1969இல் தங்கப் பதக்கத்தோடு வெளியே வந்தார். பிறகு டைரக்டரும் ஆனார். மூடின கதவுக்குப் பக்கத்தில் இன்னொரு கதவு இருந்தால் அதைத் தட்ட வேண்டும். அதுவும் இல்லாவிட்டால் அடுத்த வருஷம் மறுபடியும் தட்ட வேண்டும். தலைவிதி என்று உட்கார்ந்துவிடுவதுதான் தோல்வி. கல்லூரி கிடைத்தால்தான் சினிமா என்பதுமில்லை. அங்கே கருவியும், நேரமும், தவறு செய்து திருத்திக்கொள்ள இடமும், கூட வேலை செய்யத் தோழர்களும் கிடைப்பார்கள். பணக்காரப் பிள்ளைக்கு அதெல்லாம் வீட்டிலேயே கிடைக்கும். நம் பிள்ளைக்குச் சர்க்கார் பள்ளியில்தான் கிடைக்கும். அதனால்தான் அந்த இடத்துக்கு நாம் சண்டை போடுகிறோம்.

இடம் கிடைத்துப் போகிற பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. போய்ப் படித்துவிட்டு வந்து நீங்களும் இன்னொரு சாமி படம், இன்னொரு சாதிப் பெருமைப் படம் எடுப்பதானால், அந்த இடம் உங்களுக்குக் கிடைத்தும் ஒன்றுதான், கிடைக்காமலும் ஒன்றுதான். 1952இல் "பராசக்தி" வந்தபோது கோயிலைப் பற்றிக் கேள்வி கேட்டதற்காக எவ்வளவு ஆத்திரப்பட்டார்கள்! ஏன்? ஆயிரம் கூட்டத்தில் நாம் பேசுவதை ஒரு படம் ஒரே வாரத்தில் பேசிவிடுகிறது. அந்தப் பலம் உங்கள் கைக்கு வருகிறது என்பதை மறக்காதீர்கள்.

ஆகவே தோழர்களே, இந்த வாசகசாலைக்கு நாம் சொல்லுகிற யோசனை இதுதான். சுவரில் ஒரு பலகை வையுங்கள். சென்னை, புனா, கல்கத்தாப் பள்ளிகளின் அறிக்கை வந்த அன்றே அதில் ஒட்டுங்கள். மனுப் போடத் தெரியாத பிள்ளைகளுக்குத் தெரிந்தவர்கள் உட்கார்ந்து போட்டுக் கொடுங்கள். ரயில் செலவுக்கு இல்லாத பிள்ளைக்கு உண்டியல் குலுக்குங்கள். கோயில் உண்டியலில் போடுகிற காசில் காலே அரைக்கால் போதும். வாரம் ஒரு படம் போட்டுப் பார்த்து, பார்த்தபின் ஒரு மணி நேரம் வாதம் செய்யுங்கள்.

மூலையில் உட்கார்ந்திருக்கிற அந்தத் தோழருக்கும், அவரோடு வந்திருக்கிற அவருடைய தகப்பனாருக்கும் சொல்லுகிறோம். ஐயா, நீங்கள் வாழ்நாளெல்லாம் கண்ணைக் குறுக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, கல்லைத் தீட்டினவர். வெளிச்சத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது புரோகிதருக்குத் தெரியாது. அந்தக் கண்தான் உங்கள் மகனுக்கும் வந்திருக்கிறது. வந்தது பிறவியினாலல்ல, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததினால். இந்த வருஷம் மனுப் போடுகிற முதல் நாளே போடுங்கள். அன்று எந்தக் காலமாக இருந்தாலும் சரி.

நாம் சொன்னது எல்லாவற்றையும் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. வீட்டுக்குப் போய் யோசியுங்கள். உங்கள் அறிவுக்குச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் தள்ளிவிடுங்கள்.